கம்பேக் சாஸ்: வீட்டிலேயே செய்யுங்கள், பச்சை முட்டை மட்டும் வேண்டாம்

மிசிசிப்பி மாநிலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவாலயங்களின் பின்பக்கம் போனால் மீன் பொரிக்கிற வாசனை வரும். சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி மீன், ஹஷ் பப்பி என்று இவர்கள் சொல்லும் சோளமாவு உருண்டை, முட்டைக்கோஸ் சாலட். கூடவே ஒரு கிண்ணத்தில் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில், மேலே மிளகுத்தூள் புள்ளி புள்ளியாகத் தெரிகிற ஒரு சாஸ். மீனையும் அதில் தொட்டுக்கொள்வார்கள், உருளைக்கிழங்கு வறுவலையும் தொட்டுக்கொள்வார்கள். பொரித்த பச்சைத் தக்காளி, வெங்காய வளையம், இறால், ஒன்றும் கிடைக்காவிட்டால் உப்பு பிஸ்கட், எல்லாவற்றுக்கும் அதேதான். அது கம்பேக் சாஸ்.

நான் இங்கே உணவுப் பாதுகாப்புப் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். சின்ன உணவகங்களிலும் தேவாலயச் சமையலறைகளிலும் முதியோர் இல்லங்களிலும் சமைப்பவர்களோடு நின்று, எதை எத்தனை டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், எதை எத்தனை மணி நேரம் வெளியே வைக்கலாம் என்று சொல்லித் தருவது என் வேலை. இந்தச் சாஸைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்ததும் அந்த வேலையில் பார்த்ததை வைத்துத்தான்.

முதலில் சாஸ் பற்றிக் கொஞ்சம். இதன் ஊர் மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சன். 1930களில் அங்கே உணவகம் நடத்திய கிரேக்கக் குடியேறிகளின் கைவண்ணம் இது. ரோட்டிசரி என்ற உணவகத்தில்தான் முதலில் செய்தார்கள் என்பது ஊரில் பரவலாகச் சொல்லப்படும் கதை. 1935இல் தொடங்கிய மேஃப்ளவர் கஃபேயும் இந்தச் சாஸுக்குப் பேர்போனது. ஆரம்பத்தில் சாலட் மேல் ஊற்றுவதற்காகத்தான் வந்தது. சாலட் வருவதற்கு முன்பே ஜனங்கள் பிஸ்கட்டில் தடவிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருமுறை சாப்பிட்டவர் திரும்ப வருவார் என்பதால் கம்பேக் என்று பெயர். விருந்தினரை வழியனுப்பும்போது நாம் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்கிற மாதிரி, தெற்கத்தி அமெரிக்கர்களும் ‘திரும்பி வாங்க’ என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அந்தப் பேச்சும் இந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சாஸின் உடம்பு மயோனைஸ். மற்றதெல்லாம் அதற்கு மேல் ஏறுகிற ருசி. அதனால் இந்தச் சாஸ் நல்லதா கெட்டதா என்ற கேள்வி, மயோனைஸ் எப்படிச் செய்தது என்ற கேள்வியில் போய் முடிகிறது.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஜூலை மாதம். ஒரு சின்ன தேவாலயத்தில் நிதி திரட்டுவதற்காக மீன் விருந்து வைத்தார்கள். சாஸ் செய்து கொண்டுவந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பவர். காலையில் எடுத்த முட்டையில் மயோனைஸ் அடித்து, மத்தியானம் பதினோரு மணிக்குக் கிண்ணத்தை மேசையில் வைத்திருக்கிறார். மூன்று மணிக்கு மேல் வரை அது வெயில் காலத்து வெக்கையில் அங்கேயே இருந்தது. அடுத்த இரண்டு நாட்களில் பல பேருக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி. ஒரு சிறுவனை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. சாஸ் கொஞ்சமும் மிஞ்சவில்லை, அதனால் அதைச் சோதித்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதிப் பார்த்தபோது விரல் அந்தக் கிண்ணத்தைத்தான் காட்டியது.

அதற்குப் பிறகு பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முகம் வாடிப்போயிருந்தது. பாடம் முடிந்ததும் என்னிடம் வந்து, “என் கோழி, என் முட்டை. அன்றைக்குக் காலையில்தான் எடுத்தேன். தேய்த்துக் கழுவினேன். இதைவிடப் புதுசு எங்கே கிடைக்கும், சொல்லு” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. ஐம்பது வருஷமாக அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். சால்மொனெல்லா என்ற கிருமி முட்டை ஓட்டின் மேல் மட்டும் இருப்பதில்லை. கோழியின் சினைப்பையில் அது குடிகொண்டிருந்தால், ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். கோழி பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். முட்டையிலும் நாற்றமோ நிறமாற்றமோ இருக்காது. ஓட்டைக் கழுவினாலும், காலையில் இட்டதாகவே இருந்தாலும், உள்ளே இருப்பது உள்ளேதான் இருக்கும். நூறு முட்டையில் ஒன்றில்கூட அது இல்லாமல் போகலாம். ஆனால் ஒரே ஒரு முட்டையில் இருந்தாலும், பச்சையாக அடித்து ஒரு கிண்ணம் முழுக்கப் பரப்பி நாலு மணி நேரம் வெக்கையில் வைத்தால் அது பெருகிவிடும். ஐம்பது வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அர்த்தம், ஐம்பது வருஷம் அந்த ஒரு முட்டை அவர் கைக்கு வரவில்லை என்பதுதான்.

இரண்டாவது விஷயம் புளிப்பு. கடையில் விற்கிற மயோனைஸ் ஏன் சுலபத்தில் கெடுவதில்லை? பலரும் ரசாயனம் என்பார்கள். பெரிய காரணம் வினிகர். அதில் இருக்கிற புளிப்பில், அதாவது பிஹெச் அளவு (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4க்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும்போது, சால்மொனெல்லா பெருக முடியாது. மெல்லச் செத்தும் போகும். அதோடு, தொழிற்சாலையில் பயன்படுத்துவது பாஸ்சரைஸ் செய்த, அதாவது வேகாத அளவுக்குச் சூடாக்கிக் கிருமியைக் கொன்ற முட்டை. அந்த அம்மா இரண்டு மஞ்சள் கருவுக்கும் ஒரு கப் எண்ணெய்க்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறுதான் விட்டிருந்தார். அவர் பேரக் குழந்தைகளுக்குப் புளிப்பு பிடிக்காதாம்.

தெற்கத்திக்காரர்கள் உயிராக நினைக்கும் டியூக்ஸ் மயோனைஸ், 1917இல் தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் யூஜீனியா டியூக் என்ற பெண்மணி ராணுவ முகாம் வீரர்களுக்கு சாண்ட்விச் விற்றதிலிருந்து பிறந்தது. அதில் சர்க்கரை கிடையாது, புளிப்புத் தூக்கலாக இருக்கும். கம்பேக் சாஸுக்கு நான் அந்த வகை மயோனைஸைத்தான் சொல்வேன். வீட்டில் செய்தது உசத்தி, கடையில் வாங்கியது மட்டம் என்று எப்போதும் நினைக்க வேண்டியதில்லை. மயோனைஸ் விஷயத்தில் கடைப் பாட்டில் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

நம் ஊரிலும் இது தெரியாத விஷயம் இல்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கேரளம் 2023லும் தெலங்கானா 2024லும் அதே மாதிரி செய்தன. இந்தத் தடைகள் கடைக்காரர்களுக்கு. நம் வீட்டு மிக்ஸியை யாரும் வந்து பார்க்கப்போவதில்லை, அங்கே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இல்லை, நான் மயோனைஸும் வீட்டில்தான் செய்வேன் என்கிறீர்களா? சரி, ஒரே ஒரு வேலை கூடுதலாகச் செய்யுங்கள். இரண்டு மஞ்சள் கருவோடு இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறோ வினிகரோ, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் சேர்த்துச் சின்னப் பாத்திரத்தில் மிக மெல்லிய தீயில் வையுங்கள். கை எடுக்காமல் கிளறுங்கள். சமையல் தெர்மாமீட்டர் 71 டிகிரி செல்சியஸ் காட்டியதும் இறக்கி, பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். தண்ணீரும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் கரு சட்டென்று கட்டியாகாது, பாயசப் பதத்தில் கெட்டிப்படும். ஆறியதும் அரை டீஸ்பூன் கடுகுப் பொடி, சிட்டிகை உப்பு போட்டு, ஒரு கப் எண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாக, அப்புறம் நூல் மாதிரி விட்டு அடியுங்கள். எண்ணெயை அவசரப்பட்டு ஊற்றினால் திரிந்துவிடும். திரிந்தால் கொட்ட வேண்டாம், ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு மறுபடி அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

இனி சாஸ். ஒரு கப் மயோனைஸுக்குக் கால் கப் சில்லி சாஸ், இரண்டு டேபிள்ஸ்பூன் தக்காளி கெட்சப், ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, தலா ஒரு டீஸ்பூன் வொர்செஸ்டர்ஷயர் சாஸும் கடுகு விழுதும் லூசியானா வகைக் காரச் சாஸும், அரை டீஸ்பூன் மிளகுத்தூள், அரை டீஸ்பூன் பாப்ரிகா என்கிற காரம் குறைந்த மிளகாய்த்தூள், துருவிய வெங்காயம் ஒரு டேபிள்ஸ்பூன், கால் டீஸ்பூன் பூண்டுப் பொடி. எல்லாவற்றையும் கலந்து மூடி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். செய்த உடனே ருசி பார்த்து ‘என்ன இது’ என்று ஏமாற வேண்டாம். மறுநாள்தான் வெங்காயத்தின் முரட்டுத்தனம் அடங்கிச் சாஸ் ஒன்றுசேரும்.

இதில் சில்லி சாஸ் என்ற இடத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் தவறிவிடுகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பது தக்காளியில் செய்த, இனிப்பும் புளிப்புமான, காரம் அதிகம் இல்லாத சாஸ். நம் ஊர் ஃபிரைட் ரைஸ் கடைச் சிவப்புச் சில்லி சாஸைக் கால் கப் ஊற்றினால் வாயில் வைக்க முடியாது. அமெரிக்க வகை கிடைக்காவிட்டால் கால் கப் கெட்சப்பில் ஒரு டீஸ்பூன் வினிகரும் சிட்டிகை மிளகாய்த்தூளும் கலந்துகொள்ளுங்கள்.

உப்பு தனியாக வேண்டாம். பாட்டிலில் இருந்து வருகிற எல்லாவற்றிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தச் சாஸை ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சைவ உணவுக்காரர்கள் வொர்செஸ்டர்ஷயர் பாட்டிலின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். அதில் நம் புளி இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வரியில் நெத்திலி மீன் இருந்தது. இது மத நம்பிக்கை சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. மீன் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு இந்த ஒரு டீஸ்பூன் ஆபத்தாக முடியலாம். விருந்துக்குச் செய்தால் முட்டை, மீன், கடுகு மூன்றும் இதில் இருக்கிறது என்று கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். மீன் சேர்க்காத வொர்செஸ்டர்ஷயரும் முட்டை இல்லாத மயோனைஸும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் செய்தாலும் சாஸ் நன்றாகவே வரும்.

பூண்டுப் பொடி என்று ஏன் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். பச்சைப் பூண்டு ஒரு பல் துருவிப் போட்டு மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுவதென்றால் தாராளமாகப் போடலாம், இந்தச் சாஸின் புளிப்பு அதைக் காக்கும். நான் பயப்படுவது வேறொரு பழக்கத்துக்கு. பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டுப் பாட்டிலில் வைத்து, வாரக்கணக்கில் எடுத்து எடுத்துச் சாஸில் கலக்கும் பழக்கம். மண்ணில் விளையும் பூண்டில் போட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். எண்ணெய்க்குள் காற்றும் கிடையாது, புளிப்பும் கிடையாது. அது விழித்துக்கொள்ள வேறென்ன வேண்டும்? 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் இப்படி எண்ணெயில் வைத்த பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடிய நச்சு அது, மணத்திலோ ருசியிலோ தெரியாது. எண்ணெய்ப் பூண்டு செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளில் முடித்துவிடுங்கள்.

கடைப் பாட்டில் மயோனைஸில் செய்த சாஸ் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். வீட்டு மயோனைஸ் என்றால் மூன்று நான்கு நாள். ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். குளிர் கிருமியைக் கொல்லாது, அதன் பெருக்கத்தை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். மேசையில் வைத்தால் இரண்டு மணி நேரம். வெளியில் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரே மணி நேரம். மிசிசிப்பி ஜூலைக்கும் நம் ஊர்ச் சித்திரைக்கும் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான்.

சாப்பிட்ட பிறகு பேதியும் காய்ச்சலும் வந்தால் தண்ணீரும் உப்பு சர்க்கரைக் கரைசலும் குடித்துக்கொண்டே இருங்கள். மலத்தில் இரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல், சிறுநீர் குறைவது, மூன்று நாளுக்கு மேல் நிற்காத பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அந்த அம்மா இப்போதும் சாஸ் செய்கிறார். மஞ்சள் கருவைச் சூடாக்கித்தான் மயோனைஸ் அடிக்கிறார். போன கோடையில் அதே தேவாலயத்துக்குப் போயிருந்தேன். மேசையில் பெரிய கிண்ணம் இல்லை. ஐஸ் நிரப்பிய தட்டின் மேல் ஐந்தாறு சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொரு மணி நேரமும் அவரே வந்து மேசையில் இருந்ததை எடுத்துக் கொட்டிவிட்டு, சமையலறைக் குளிர்பெட்டியில் இருந்து புதிய கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். மிச்சத்தை ஜாடியிலேயே ஊற்றி வைத்தால் என்ன என்று ஒரு இளைஞர் கேட்டார். “பத்து பேர் மீனைத் தொட்டுச் சாப்பிட்டது அது” என்று சொல்லிவிட்டு, அடுத்த கிண்ணத்தின் மேல் நேரத்தை எழுதி ஒட்டினார்.