குரோனோகிராப் வாங்கமுதல் பொத்தானை அழுத்திப் பாருங்கள்

ஆடி, ஆவணி வந்தால் புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு வருவார்கள். நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டிய நாட்களில் அவர்கள் கையில் வந்த விலைகூடிய மணிக்கூடுகளும் யாழ்ப்பாணத்தில் கைமாறும். ஒமேகா, டாக் ஹாயர், பிரைட்லிங், எப்போதாவது ஒரு ரோலெக்ஸ் டேட்டோனா. இவற்றில் பல குரோனோகிராப் வகை. நேரம் காட்டுவதோடு, பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஓட்டநேரத்தையும் கணக்கிடும். வாங்குபவர்கள் பெட்டியைப் பார்ப்பார்கள், அட்டையைப் பார்ப்பார்கள், கையில் வைத்துப் பாரம் பார்ப்பார்கள், நொடிமுள் வழுக்கி ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த நான்கையும் போலி செய்பவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். நான்கும் உண்மையாக இருந்தாலும், குரோனோகிராப் பகுதி பழுதாகிக் கிடக்கலாம்.

இந்தப் பகுதி சாதாரண மெஷினுக்கு மேல் ஏறியிருக்கும் இன்னொரு அடுக்கு. தனிச் சில்லுகள், நெம்புகள், மெல்லிய வில்கள், முள்ளைப் பூச்சியத்துக்கு அடித்துத் திருப்பும் சிறு சுத்தியல்கள் எல்லாம் அதில் உண்டு. பொத்தானை அழுத்தினால்தான் அந்த அடுக்கு வேலை செய்யும். பத்து வருடமாக அழுத்தாமலே கட்டியவருக்கு அது பழுதென்று தெரியவே தெரியாது. விற்பவர் நேர்மையானவர் என்பதால் மணிக்கூடும் நல்லது என்று முடிவெடுக்க முடியாது. சொந்தக்காரரிடம் வாங்கும்போது கூச்சத்தில் சோதிக்காமல் காசைக் கொடுப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிறது. "அண்ணை, ஒரு நாள் என்னட்ட விட்டுட்டுப் போங்கோ, ஓடவிட்டுப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஒரு நாள் சோதனை

முதலில் முழுதாகச் சாவி கொடுங்கள். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொபெஷனல் போன்ற கைச்சாவி மணிக்கூடு ஏறத்தாழ நாற்பது சுற்றில் இறுகி நிற்கும். நின்றபின் ஒரு கால் சுற்றுக்கூட வலிந்து திருப்பக் கூடாது. தானியங்கி வகை அப்படி இறுகாது. முப்பது, நாற்பது சுற்றுப் போதும்.

பிறகு 2 மணிப் பக்கப் பொத்தானை அழுத்துங்கள். விரலுக்கு ஒரு தெளிவான 'டக்' தெரிய வேண்டும். முள் உடனே புறப்பட வேண்டும். குரோனோகிராப்பை மெஷினோடு இணைக்கும் பாகம் கிளச். பழைய வகைக் கிளச்சில் பல் பல்லோடு கொழுவும்போது முள் சற்றுத் துள்ளுவது இயல்பு. ஓடும்போது முள் நடுங்கினால் உராய்வு வில்லின் இழுவிசை குறைந்திருக்கலாம். அறுபது நொடி ஆகும்போது நிமிடக் கணக்கு முள்ளைக் கவனியுங்கள். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவ வேண்டிய மெஷினில் அது இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் சரிசெய்யும் வேலை இருக்கிறது.

மீண்டும் 2 மணிப் பொத்தான்: முள் அப்படியே உறைய வேண்டும். 4 மணிப் பொத்தான்: ஒரே அடியில் 12க்கு நேரே வர வேண்டும். இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில், அரை நொடி தள்ளி நிற்குமானால் முள்ளைப் பிடுங்கித் திரும்பப் பொருத்தினால் தீரும் சின்னக் குறை அது. ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று மாறி மாறி நின்றால் முள் அச்சில் தளர்ந்திருக்கிறது, அல்லது சுத்தியலும் அது அடிக்கும் இதயவடிவத் தகடும் (காம்) தேய்ந்திருக்கின்றன. இரண்டாவதுதான் காரணம் என்றால் உதிரிப்பாகம் தேட வேண்டிவரும். முள் ஓடிக்கொண்டிருக்கும்போது 4 மணிப் பொத்தானை அழுத்திப் பார்க்காதீர்கள். ஓடும்போதே பூச்சியத்துக்குத் திருப்பி உடனே மீண்டும் ஓடவைக்கும் பிளைபேக் வகைக்கு மட்டும்தான் அது பொருந்தும். மற்றவற்றில் நெம்பு தடுக்கும், வலிந்து அழுத்தினால் உடையும்.

இரவு படுக்கப் போகமுதல் குரோனோகிராப்பை ஓடவிட்டு வையுங்கள். காலையில் நிமிடக் கணக்கும் மணிக்கணக்கும் நீங்கள் விட்ட நேரத்தோடு பொருந்த வேண்டும். பிறகு நிறுத்திப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பகல் முழுவதும் சும்மா கட்டியிருங்கள். பொத்தானைத் தொடாமலே மணிக்கணக்கு முள் மெல்ல நகர்ந்திருந்தால் அதை நிறுத்திப் பிடிக்கும் நெம்பு சரியாகப் பிடிக்கவில்லை. ஸ்பீட்மாஸ்டரின் 861, 1861 மெஷின்களில் இது அடிக்கடி காணும் குறை. மணிக்கணக்குச் சில்லு, சாவி ஏறும் மெயின் ஸ்பிரிங் பெட்டியிலிருந்து நேரடியாக இழுபடுவதுதான் காரணம்.

திருத்துபவரிடம் ரைம்கிராபர் (மணிக்கூட்டின் ஓட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால் குரோனோகிராப்பை நிறுத்தியும் ஓடவிட்டும் இரண்டு தடவை அளக்கச் சொல்லுங்கள். முழுச்சாவியில், முகப்பு மேலே பார்க்க, முன்பின் ஆடும் பாலன்ஸ் சில்லின் ஊசலாட்டம் 270 முதல் 310 பாகை வரை இருந்தால் நல்லது. ஓடவிட்டதும் 20, 30 பாகை குறையலாம். ஐம்பதுக்கு மேல் விழுந்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது கிளச் ஆழம் தவறு. பல்லால் கொழுவாமல் தட்டோடு தட்டு ஒட்டும் நெடுக்குக் கிளச் உள்ள புதிய மெஷின்களில், உதாரணத்துக்கு ரோலெக்ஸ் 4130, பிரைட்லிங் பி01 இரண்டிலும், வித்தியாசம் மிகக் குறைவாகவே தெரியும். அளக்கமுதல் கருவியில் லிப்ட் ஆங்கிள் (ஒவ்வொரு மெஷினுக்கும் உரிய, கருவியில் பதிய வேண்டிய கோண அளவு) சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பல கொம்பனிகள் பயன்படுத்தும் 7750 மெஷினுக்கு 49, ஸ்பீட்மாஸ்டரின் 1861க்கு 50. அது பிழைத்தால் திரையில் வரும் பாகையும் பிழை.

போலியும் மாறாட்டமும்

டேட்டோனாவில் திகதிப் பெட்டியே கிடையாது. கிழமை காட்டும் சின்ன முகப்பும் கிடையாது. எஃகு டேட்டோனா மூடிய எஃகுப் பின்மூடியோடுதான் கொம்பனியிலிருந்து வரும். பின்பக்கக் கண்ணாடியூடாக மெஷினைக் காட்டி விற்க வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 2000ஆம் ஆண்டில் வந்த 4130 மெஷினில் ஓயாமல் ஓடும் சின்ன நொடிமுள் 6 மணிப் பக்கம் இருக்கும். அதற்கு முன், 1988 முதல் வந்த 16520 மாதிரியில் செனித் எல் பிரிமெரோவை அடிப்படையாகக் கொண்ட மெஷின் இருந்தது. அதில் அந்த முள் 9 மணிப் பக்கம். ஆண்டையும் முள்ளின் இடத்தையும் பொருத்திப் பாருங்கள்.

ஸ்பீட்மாஸ்டரில் நடப்பது வேறு. மணிக்கூடு உண்மையானதுதான், சொல்லும் பெயர்தான் பிழை. 'சந்திரனுக்குப் போனது' என்று சொல்லிச் சிறிய தானியங்கி ஸ்பீட்மாஸ்டர் ரெடியூஸ்டை விற்பார்கள். பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: ரெடியூஸ்டில் சாவிக்குமிழும் இரண்டு பொத்தான்களும் ஒரே நேர்கோட்டில் இராது, குமிழ் பின்மூடிப் பக்கம் சற்று இறங்கியிருக்கும். குரோனோகிராப் பகுதி தனி அடுக்காக முகப்புப் பக்கம் ஏற்றப்பட்டதால் வரும் இறக்கம் அது. புரொபெஷனல் 42 மில்லிமீற்றர், கைச்சாவி. பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட வகையில், கண்ணாடியின் நடுவே லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தால் மிகச் சிறிய ஒமேகா அடையாளம் தெரியும். பழைய கண்ணாடியை எங்காவது மாற்றியிருந்தால் அது இராது. அது ஒன்றை வைத்துப் போலி என்று சொல்லிவிட வேண்டாம்.

பழைய மணிக்கூட்டில் இரவில் ஒளிரும் பூச்சைப் பாருங்கள். முகப்பின் அடியில் 'டி' எழுத்தோடு சுவிஸ் என்று இருந்தால் பூச்சு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது வலு பாதியாகும் காலம், 12 ஆண்டும் சொச்சமும். 1985இல் செய்த டிரிட்டியம் முகப்பு இன்று இருட்டறையில் பளிச்சென்று எரிந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் அல்லது முகப்பையே மாற்றியிருக்கிறார்கள். எரியாமல் இருப்பதுதான் அதற்கு அழகு.

பெட்டியும் அட்டையும் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. அட்டையிலுள்ள இலக்கம் உடலில் பொறித்த இலக்கத்தோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் அதற்குப் பெறுமதி. பொருந்தினாலும் உள்ளே இருப்பது அதே மெஷின்தானா என்று பின்மூடியைத் திறந்தே பார்க்க வேண்டும். 2021இல் ஜெனீவா ஏலத்தில் முப்பது இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போன ஒரு பழைய ஸ்பீட்மாஸ்டர், பல மணிக்கூடுகளின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது என்று 2023இல் ஒமேகாவே அறிவித்தது. அவ்வளவு பெரிய கண்களே தவறும் இடம் இது.

நம்மூரில் கெடுகிற விதம்

உப்புக்காற்றும் வியர்வையும் பொத்தானின் குழாய்க்குள் இறங்கிக் காயும். பொத்தான் இறுகும், அடியில் வெண்பச்சையாகப் பூஞ்சணம் போல் படியும். அப்போது தையல் மெஷின் எண்ணெயை ஒரு துளி விடுவது பலருடைய வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் உள்ளே இறங்கி, உலர்ந்தே இருக்க வேண்டிய கிளச் பல்லிலும் உராய்வுப் பகுதிகளிலும் பரவும். ஐந்து நிமிடத்தில் தீர்ந்த இறுக்கம் ஆறு மாதத்தில் முழுச் சர்வீஸ் கேட்கும். வாங்கும்போது பொத்தானைச் சுற்றி எண்ணெய்ப் பளபளப்புத் தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

இன்னொன்று பொலிஷ். கீறல் போக நகைப்பட்டறையின் பொலிஷ் சில்லில் பிடித்துவிடுகிறார்கள். அந்தச் சில்லு பவுணுக்கு உரியது. பட்டி கொழுவும் கால்களின் கூரிய விளிம்பும், கோடு கோடாக இழைத்த மேற்பரப்பும் அதில் உருகினாற்போல் மழுங்கும், திரும்ப வராது. கால்களின் பக்கத்தில் துளைகள் இருந்தால் அவை வட்டமாக, விளிம்போடு இருக்கின்றனவா, இடமும் வலமும் ஒரே தடிப்பா என்று பாருங்கள். கீறலோடு கூர்மையான உடல், பளபளக்கும் மழுங்கிய உடலை விட நிச்சயம் நல்லது.

முகப்பில் 50 மீற்றர் என்றிருந்தாலும் கீரிமலைக் கேணியிலோ கசூரினாக் கடலிலோ இறங்கும்போது கழற்றி வையுங்கள். அந்த எண் புதிய றப்பர் வளையங்களுக்குத்தான். பழையதை அழுத்தச் சோதனைக்கு விடாமல் நம்ப முடியாது. தண்ணீருக்குள் பொத்தானை அழுத்துவது கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம்.

விலை பேசும்போது கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது என்று கேளுங்கள். சிட்டை இல்லையென்றால் செய்யவில்லை என்றே கணக்கு வையுங்கள். குரோனோகிராப்பின் முழுச் சர்வீஸ், சாதாரண மூன்று முள் மணிக்கூட்டை விட ஒன்றரை, இரண்டு மடங்கு செலவு. பல சுவிஸ் கொம்பனிகள் உதிரிப்பாகத்தைத் தங்கள் அங்கீகாரம் பெற்ற இடங்களுக்கே கொடுக்கின்றன. ஆகவே அந்தச் செலவை முதலே விசாரித்துக் கேட்ட விலையிலிருந்து கழியுங்கள். திருட்டு மணிக்கூடுகளைப் பதியும் தரவுத்தளங்கள் இருக்கின்றன. லண்டனின் 'த வாட்ச் ரெஜிஸ்டர்' அதிலொன்று. காசு கொடுக்கமுதல் தொடர் இலக்கத்தை அங்கே சரிபார்த்து, அதே இலக்கத்தை எழுதிய சிட்டையில் விற்பவரின் கையொப்பம் வாங்குங்கள்.

வாங்கிய முதல் மாதம், தினமும் ஒரே நேரத்தில் தொலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை நொடி முன்பின் என்று எழுதி வையுங்கள். சீராக ஓடியது திடீரென்று நாளுக்கு ஒரு நிமிடம் முன்னே ஓடத் தொடங்கினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். தொலைபேசி ஒலிபெருக்கியும் கைப்பையின் காந்தப் பூட்டும் அதற்குப் போதும். ஒரு சின்னத் திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊசி ஆடினால் காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி பிடித்தால் சரி, அதற்கு மெஷினைக் கழற்றவே தேவையில்லை.