டிஜிட்டல்: மின்னணுவா, எண்மமா, இலக்கமுறையா?

டிஜிட்டல் ஒளிபரப்பைச் சொல்ல ‘நாடு மின்னணு ஒளிபரப்புக்கு மாறுகிறது’ என்று எழுதும் வரியை இன்னும் எத்தனை முறை வாசிப்பது? அப்படியானால் பழைய டிவி மண்ணெண்ணெயிலா ஓடியது? மின்னணு என்றால் எலக்ட்ரானிக். முதுகு துருத்திய படக்குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றைதான் திரையில் படத்தை வரைந்தது. அதுவும் மின்னணுப் பெட்டிதான்.

லத்தீனில் டிஜிட்டஸ் என்றால் விரல். விரல்விட்டு எண்ணியதால் இலக்கத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. டிஜிட்டல் ஒளிபரப்பில் படமும் ஒலியும் 0, 1 என்ற இலக்கங்களாக மாறி வருகின்றன. பழைய அனலாக் முறையில் படத்தின் ஒளி ஏறி இறங்குவதற்கு ஏற்ப அலையும் தொடர்ச்சியாக மாறும்.

சரி, எண்மம்? இணையத்தில் பலர் இதைத்தான் புழங்குகிறார்கள். எண்மர் என்றால் எட்டுப் பேர், எண்கோணத்துக்கு எட்டு மூலை. ‘எண்ம ஒளிபரப்பு’ என்று முதன்முதலாகக் கேட்பவர் எட்டுச் சேனலா என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. எண்ணிமம் என்ற இன்னொரு சொல் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கிறது. ஆனால் அதற்கும் அகராதியைப் புரட்ட வேண்டும். இலக்கமுறை அப்படியல்ல. ‘மூன்றிலக்க எண்’ பள்ளிக் கணக்கிலேயே பழகியது. இலக்கம் வடசொல் என்றும், லட்சத்துக்கும் அதுதானே பெயர் என்றும் தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மூன்றிலக்க எண்ணை மூன்று லட்சம் என்று யாரும் வாசித்ததில்லை.

இதெல்லாம் வெறும் சொல் சண்டை இல்லை. ‘மின்னணு’ என்று படிப்பவர் பழைய பெட்டியையே தூக்கி எறிய வேண்டும்போல என்று நினைப்பார். உண்மையில் ஆன்டெனாவுக்கும் டிவிக்கும் நடுவே, டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றித் தரும் ஒரு மாற்றிப் பெட்டியை வைத்தால் போதும். அமெரிக்காவில் அந்தப் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு 40 டாலர் கூப்பன்கள் வரை கொடுத்தார்கள். ஒதுக்கிய பணம் தீர்ந்து, கூப்பனுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டு, அனலாக் ஒளிபரப்பை நிறுத்த 2009 பிப்ரவரி 17 என்றிருந்த கெடு ஜூன் 12-க்குத் தள்ளிப்போனது.

மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைப் பார்ப்பதில்லை, அகராதியின் முதல் வரியைப் பார்க்கிறார்கள். இன்னொரு உதாரணம்: சிக்னல் தேயும்போது அனலாக் படம் புள்ளி புள்ளியாகி மங்கும், பேச்சாவது கேட்கும். டிஜிட்டலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, அப்புறம் ஒன்றுமே இருக்காது. இந்த ‘கிளிஃப் எஃபெக்ட்’டை ஒருவர் ‘மலைமுகட்டு விளைவு’ என்று எழுதியிருந்தார். ஏதோ மலை குறுக்கே வந்து சிக்னலை மறைக்கிறது என்றே நினைத்தேன். ‘திடீர் அறுபடல்’ என்றால் தீர்ந்தது.