விரலடியில் 'டக்', ஸ்பீக்கரில் 'டப்'

கொடைக்கானலில் பெரும்பாலான வீடுகளில் மின்விசிறி கிடையாது. சமவெளியில் விசிறியின் இரைச்சலுக்குள் அமுங்கிப் போகும் சின்னச் சத்தங்கள் இங்கே இரவில் துல்லியமாகக் கேட்கும். ஆகவே வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுபவர்கள் சத்தம் வராத பவர் ஸ்விட்சைத் தேடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் தேடலில் இரண்டு சத்தங்கள் கலந்து கிடக்கின்றன: விரலுக்கடியில் எழும் 'டக்' ஒன்று, ஸ்பீக்கரில் விழும் 'டப்' மற்றொன்று. முதலாவதை ஒழிக்கப் போனால் இரண்டாவது கூடிவிடக்கூடும்.

ஸ்விட்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங், பாதி வழி கடந்ததும் தொடுமுனைகளைச் சட்டென்று தள்ளிவிடுவதால் பிறப்பதுதான் 'டக்'. விரல் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் முனைகள் விரைந்து பிரிய வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. மின்னோட்டம் ஓடும்போது முனைகள் பிரிந்தால் நடுவே தீப்பொறி நிற்கும். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி பெரும்பாலும் அங்கேயே அணைந்துவிடும். அதற்குள் முனைகள் போதிய அளவு விலகாவிட்டால் மறுபடியும் பற்றிக்கொள்ளும். டிரான்ஸ்பார்மரின் சுருளோ, தன் மின்னோட்டம் திடீரென அறுபடும்போது 230 வோல்ட்டைவிடப் பல மடங்கு மின்னழுத்தத்தை எழுப்பி, அணைகிற பொறியை மீண்டும் மூட்டிவிடப் பார்க்கும். பொறியிலிருந்து கிளம்பும் ரேடியோ இரைச்சல் உள்ளீட்டு வயர்களில் ஏறினால், அது ஸ்பீக்கரில் கேட்கும்.

மலையில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சாதனங்களுக்குள் விடவேண்டிய காற்று இடைவெளியைச் சொல்லும் பன்னாட்டுத் தர அட்டவணைகள் 2,000 மீட்டர் உயரம் வரைக்குமானவை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறது. காற்று மெலிய மெலிய, அதே இடைவெளியைக் குறைந்த மின்னழுத்தமே தாண்டிவிடும். நூறு மீட்டருக்காக அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், 'டக்' கேட்கக் கூடாது என்பதற்காக முனைகள் நோகாமல் பிரியும் மலிவான ஸ்விட்சைத் தேடிப் போவது இங்கே கூடுதல் அசட்டுத்தனம்.

'டக்' சத்தமே இல்லாத ஸ்விட்ச் ஒன்று இருந்தது. கண்ணாடிக் குப்பிக்குள் பாதரசத் துளி சாய்ந்து இரு முனைகளையும் இணைக்கும்; ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. ஆனால் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை விட்டுச்சென்ற பாதரச மாசைப் பற்றிக் கொடைக்கானல்காரர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும், இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையும், சில அளவீட்டுக் கருவிகளுக்கானவை தவிர்த்த பாதரச ஸ்விட்சுகளின் உற்பத்திக்கு 2020 வரைதான் காலக்கெடு வைத்தது. பழைய சாமான் கடையில் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

எனவே 'டக்' என்று அழுத்தமாக விழும் நல்ல ஸ்விட்சையே வாங்கி, பொறியை வேறு வழியில் அடக்குவதே முறை. 0.1 மைக்ரோஃபாரட் 'எக்ஸ்2' வகைக் கெபாசிட்டரையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்து, டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுருளுக்குக் குறுக்கே வைத்தால், சுருளின் எழுச்சி அதில் தணிந்துவிடும். பலர் இதை ஸ்விட்சின் முனைகளுக்குக் குறுக்கே வைக்கிறார்கள். அப்படி வைத்தால் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் அதன் வழியாக ஏறத்தாழ 7 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டிருக்கும். செட்டைத் திறந்து கை வைப்பவருக்கு அது ஆபத்து. மெயின்ஸுக்குச் சாதாரணக் கெபாசிட்டர் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. எக்ஸ்2 இதற்கென்றே சோதிக்கப்பட்டது.

ஸ்பீக்கரின் 'டப்' முழுவதும் ஸ்விட்சின் குற்றமன்று. 24 வோல்ட் ஒற்றை சப்ளையில் ஓடும் ஆம்ப்ளிஃபயரில், வெளியீட்டில் இருக்கும் 2,200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 12 வோல்ட்டுக்கு நிரம்ப வேண்டும்; அந்த மின்னோட்டம் முழுவதும் ஸ்பீக்கர் வழியாகவே போவதால் கோன் ஒருமுறை தூக்கிப் போடுகிறது. எத்தனை விலை கொடுத்து ஸ்விட்ச் வாங்கினாலும் இது நிற்காது. ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்து, சில விநாடி கழித்து இணைக்க வேண்டும். அதுவும் போதாது: ரிலே திறந்திருக்கும் வரை கெபாசிட்டர் நிரம்ப வழியில்லை என்பதால், 'டப்' சில விநாடி தள்ளிப் போகுமே தவிர ஒழியாது. கெபாசிட்டருக்கும் ரிலேக்கும் இடையிலிருந்து கிரவுண்டுக்கு 220 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால், இரண்டரை விநாடிக்குள் அது ஓசையின்றி நிரம்பிவிடும். அணைக்கும்போது வரிசை தலைகீழாக வேண்டும். சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வற்றுவதற்கு முன்பே ரிலே விழுந்து ஸ்பீக்கரைத் துண்டிக்க வேண்டும். இதற்காக ரிலேக்குத் தனியாக ஒரு டயோடும் சிறிய கெபாசிட்டரும் வைத்து, டிரான்ஸ்பார்மரிலிருந்தே நேரடியாக மின்சாரம் எடுப்பது நல்லது.

கடைசியாக, ஸ்விட்சின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். '4/100' என்றிருந்தால் 4 ஆம்பியர் தொடர்ந்து தாங்கும், முதல் கணத்தில் 100 ஆம்பியர் வரையிலான பாய்ச்சலையும் தாங்கும் என்று பொருள். முதல் பாய்ச்சல் பெரிதாக இருக்கும் டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் போட்ட செட்டுக்கு அந்த இரண்டாம் எண்ணே முக்கியம். பாய்ச்சலைக் குறைக்க, சூடேறச் சூடேறத் தடை குறையும் என்டிசி தெர்மிஸ்டர் போடும் வழக்கம் உண்டு. சூடாக இருக்கும்போது அதன் தடை மிகவும் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கிளை கம்பியில் உரசி மின்சாரம் போய் உடனே திரும்பும் இந்த ஊரில், அது ஆறுவதற்குள் அடுத்த பாய்ச்சல் வந்துவிடும். அதற்குப் பதிலாகத் தொடரில் ஒரு வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டரும், அரை விநாடி கழித்து அதைத் தாண்டிவிடும் ரிலேயும் வைத்தால், மின்சாரம் போகும்போதெல்லாம் ரிலே விழுந்து, ரெசிஸ்டர் மறுபடி வழியில் வந்து நிற்கும்.