அந்த ஆரஞ்சு வெளிச்சத்துக்கு 500 ரிங்கிட்டா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “அண்ணா, 500 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறேன். வால்வு ஹெட்போன் ஆம்ப் வாங்கலாமா? நல்லா இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் மட்டும் ‘கேட்டுப் பார், தெரியும்’ என்கிறார்கள்.” கடைசி வரியில், தன் ஹெட்போனின் மின்தடை 32 ஓம் என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தார். பதிலில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய், டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் ஒலியைப் பெருக்கியது அதுதான். ஆம்ப் என்பது அப்படிப் பெருக்கித் தரும் பெட்டி. வால்வு ரேடியோ இருந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சுவிட்சைத் திருகியதும் பாடாது, சூடேற வேண்டும். உள்ளே ஒரு இழை, கேதோடு என்ற சின்ன உலோகக் குழலைச் சுட வைக்கிறது. பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் பூசிய அந்தக் குழல் 700, 800 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் அதிலிருந்து எலக்ட்ரான்கள் ஆவி மாதிரி கிளம்புகின்றன. கண்ணாடிக்குள் காற்று இல்லை, குறுக்கே நிற்க ஒன்றுமில்லை. சுற்றியிருக்கும் பிளேட்டுக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தால் அங்கே ஓடிவிடும். எடிசன் இதை 1880களில் கவனித்தார், ஃபிளெமிங் 1904-ல் அதை ஒரே திசையில் மட்டும் மின்னோட்டம் விடும் டையோடாக்கினார். இவ்வளவும் பள்ளிப் பாடம்தான்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் கேதோடுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு கம்பியை நுழைத்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கே சரியாகப் புரியவில்லை என்பது வேறு கதை. செத்துப்போன 12ஏயூ7 வால்வு ஒன்றைத் துணியில் சுற்றி உடைத்துப் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறப் பிளேட்டைப் பிரித்தால் உள்ளே தலைமுடி போன்ற கம்பி, இரண்டு தூண்களைச் சுற்றி நெருக்க நெருக்கமாக ஓடுகிறது. கேதோடை அநேகமாக உரசுகிற தூரம், ஆனால் தொடவில்லை. இதுதான் கிரிட்.

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்றிருக்கிறீர்களா? மேலே முருகன் இழுக்கிறார், கீழே கூட்டம் நெரிக்கிறது. முதல் படியில் ஒரு தொண்டர் கயிறு பிடித்து நிற்கிறார். அவர் ஒரு சாண் தளர்த்தினால் நூறு பேர் ஏறுவார்கள், இறுக்கினால் நின்றுவிடுவார்கள். மலை உச்சியிலிருந்து எவ்வளவுதான் கூப்பிட்டாலும் கயிறு இருக்கும் இடம் கூட்டத்துக்குப் பக்கத்தில். கிரிட்டும் அப்படித்தான். கேதோடுக்கு அருகில் இருப்பதால், 12ஏயூ7-ல் கிரிட்டின் 1 வோல்ட், பிளேட்டின் 17 வோல்ட்டுக்குச் சமம். இந்த 17 எங்கிருந்து வந்தது? கம்பிக்கும் கம்பிக்கும் இடையே எத்தனை இடைவெளி, கேதோடிலிருந்து எத்தனை தூரம் என்ற அளவுகளிலிருந்துதான். கிரிட்டை எதிர்மின்னழுத்தத்தில் வைத்திருப்பதால் எலக்ட்ரான் அதில் ஒட்டுவதுமில்லை. தொண்டர் யாரையும் தொடாமலே கூட்டத்தை ஆள்கிறார். பெருக்கம் என்பது வெறும் வடிவியல் என்று முதன்முதலில் புரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் அந்த ‘இனிமை’. வால்வில் ஓடும் மின்னோட்டம் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, ஒன்றரை அடுக்கில் வளைந்து ஏறுகிறது. அந்த வளைவு உள்ளே வரும் ஸ்வரத்தோடு அதன் இரட்டை அதிர்வெண்ணையும் கொஞ்சம் சேர்த்துவிடுகிறது. இரட்டை என்றால் மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரம். ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் சேர்ந்தால் யாருக்குக் கசக்கும்? பிழைதான், ஆனால் சுருதி சேர்ந்த பிழை.

சரி, 32 ஓமுக்கு வருவோம். கயிற்றுக்காரர் கெட்டிக்காரர், ஆனால் படிக்கட்டு குறுகல். 12ஏயூ7-ல் வழக்கமாக ஓடுவது 10 மில்லிஆம்பியர் அளவுதான், அதன் உள்தடை சுமார் 7,700 ஓம். அதில் 32 ஓம் ஹெட்போனை நேராக மாட்டினால் அழுத்தத்தில் ஆயிரத்துக்கு நான்கு பங்குதான் காதுக்கு வரும். 50 மில்லிவாட் வேண்டுமென்றால் 32 ஓமுக்குக் கிட்டத்தட்ட 40 மில்லிஆம்பியர் கொடுக்க வேண்டும். 300 ஓம் ஹெட்போனுக்கு அதே சத்தத்திறன் 13-லேயே கிடைத்துவிடும், வோல்ட் மட்டும் கூடுதலாகக் கேட்கும். வோல்ட் கொடுப்பது வால்வுக்குக் கைவந்த கலை.

இதற்கு மூன்று வழி. வெளியீட்டில், வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். நல்லதாக வாங்கினால் அதுவே உங்கள் பணத்தை விழுங்கிவிடும். 6ஏஎஸ்7 மாதிரி உள்தடை குறைந்த, மின்வழங்கிகளுக்காகப் பிறந்த தடியன் வால்வைப் போடலாம். டார்க்வாய்ஸ் 336எஸ்இ என்ற ஆம்ப் அந்த ரகம். 300 ஓமுக்கு அருமை, 32 ஓமுக்கு ஆகாது. ஆம்பின் வெளியீட்டுத் தடை, அதாவது ஹெட்போன் மாட்டும் முனையில் அதன் சொந்தத் தடை, 100 ஓம் என்று வையுங்கள். உங்கள் ஹெட்போனின் தடை தாழ்சுருதியில் 60 ஓமுக்கு ஏறினால், அந்தப் பகுதி மட்டும் 4 டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பும். ‘வால்வின் கதகதப்பு’ என்று பலர் உருகுவது பல நேரம் இந்த உப்பல்தான். போதாததற்கு 6ஏஎஸ்7-ன் இழை மட்டுமே 16 வாட் தின்னும். ஏர்கான் இல்லாத அறையில் ஏப்ரல் மாதம் அது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாவது ஹைப்ரிட். வோல்ட்டை வால்வு பெருக்கும், ஆம்பியரை டிரான்சிஸ்டர் தள்ளும். ‘அது கலப்படம்’ என்பார்கள். எனக்கு அது வேலைப் பங்கீடு. 32 ஓமுக்கும் 500 ரிங்கிட்டுக்கும் இதைத்தான் சொல்வேன். விவரப் பட்டியலில் வெளியீட்டுத் தடை 4 ஓமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், போடவே இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள். மலிவானவற்றில் சில, வால்வுக்கு 24 வோல்ட்தான் ஊட்டுகின்றன. 12ஏயூ7-ன் அட்டவணை 100, 250 வோல்ட்டுக்கு எழுதப்பட்டது. பட்டினி போட்டாலும் பாடும், வளைவு மட்டும் கூடும். விடுதி அறையில், ஆம்புக்குள் 200 வோல்ட் இல்லாமலிருப்பதும் ஒரு நிம்மதி. பழையது வாங்கினால் 110 வோல்ட்டுக்குச் செய்ததா என்று பின்பக்கம் படியுங்கள். நம் சுவரில் வருவது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

என் முதல் ஆம்ப் அழகாக ஆரஞ்சாக எரிந்தது. ஒருநாள் துடைப்பதற்காக வால்வைக் கழற்றினேன். அணையவில்லை! சாக்கெட்டுக்கு அடியில் ஓர் எல்இடி. உண்மையான இழை, இருட்டறையில் உற்றுப் பார்த்தால் தெரியும் மங்கல் கனல்தான். முலாம் பூசிய ஊசிகள், கேபிளுக்கு அடியில் வைக்கும் கல் என்று இந்த உலகத்தில் தாயத்து கட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஓர் ஆசிலோஸ்கோப் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்கிற சண்டை. 1972-லிருந்து சிப் செய்துகொண்டிருக்கும் தீவு இந்தப் பினாங்கு. நான் படித்த பள்ளியில் அந்தக் கருவி ஒன்றுகூட இருந்ததில்லை. மேடைக்கும் பந்தலுக்கும் செலவாகும் நன்கொடையில் கொஞ்சம் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் என்ன என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

மாற்று வால்வு தேடி லோரோங் குலிட் பழம்பொருள் சந்தைக்குப் போனால் வால்வின் உச்சியைப் பாருங்கள். கண்ணாடிக்குள் வெள்ளிக் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது பேரியம். தயாரிக்கும்போது ஆவியாக்கிப் படியவைத்தது, மிச்சமிருக்கும் காற்றை ஆயுள் முழுக்க உறிஞ்சும். கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் பால்வெள்ளையாகிவிடும், வால்வு முடிந்தது. போன மாதம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ஏழெட்டைப் புரட்டி, வெள்ளையாக இருந்ததைத் திருப்பி வைத்தேன்.

“அத ஏன் வைக்கிற தம்பி? மத்ததெல்லாம் பத்து வெள்ளி, அது மட்டும் இருபது. வெள்ளைத் தலை கிடைக்கவே கிடைக்காதுலா” என்றார் கடைக்காரப் பாய்.