கை வர்க்கச் சோதனை

குழுக்களுக்கிடையே கண்ட வேறுபாடு தற்செயலாக வந்திருக்கக்கூடியதா என்று பார்க்கும் புள்ளிவிபரவியல் சோதனை இது. திருகோணமலையில் ஆய்வறிக்கை எழுதும் பிள்ளைகள் வாயில் ‘கை ஸ்குவேர்’. தமிழில் எழுத உட்காரும்போது கைவர்க்கம், கைச்சதுரம், கைவர்க்கப் பரிசோதனை என்று ஒரே அறிக்கையில் மூன்று பெயர் வந்துவிடுகிறது.

இந்தக் ‘கை’ நம் உடம்பிலுள்ள கை அல்ல. கிரேக்க நெடுங்கணக்கின் 22ஆவது எழுத்து, ஆங்கில உச்சரிப்பு வழியாக நம்மிடம் வந்தது. வட்டக் கணக்கில் வரும் ‘பை’ சந்தைக்குக் கொண்டுபோகும் பை இல்லையே, அதுபோலத்தான். அதனால் ‘கை வர்க்கம்’ என்று இடம் விட்டு எழுதுவதே நல்லது.

வர்க்கம் வடசொல். ‘தொழிலாளர் வர்க்கம்’ என்றால் கூட்டம்; ‘வர்க்கமூலம்’ என்னும்போது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவது. இரண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனை என்பதால் முதற்பொருளை எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இங்கே பொருந்துவது இரண்டாவது. தனித்தமிழில் வேண்டுமென்றால் ‘இருபடி’ இருக்கிறது, இருபடிச் சமன்பாட்டில் பழகிய சொல்தான். சதுரம் வடிவத்தின் பெயர், பரிசோதனை ஆய்வுகூடத்தில் செய்வது. இரண்டும் இங்கே வேண்டாம்.

கார்ல் பியர்சன் 1900இல் தந்த சோதனை இது. எதை வர்க்கமாக்குகிறோம்? கிண்ணியாவில் 100 வீடு, மூதூரில் 100 வீடு பார்த்ததாக வைத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்கு மட்டும்). மூடாத தண்ணீர்த் தாங்கி முதலாவதில் 30 வீட்டில், மற்றதில் 20 வீட்டில். இரண்டு ஊருக்கும் வேறுபாடே இல்லையென்றால் 25, 25 என்று எதிர்பார்ப்போம். மூடியவை 75, 75. இரண்டு ஊர், மூடியது மூடாதது என்று அட்டவணையில் நான்கு கட்டம். நான்கிலும் கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் இடைவெளி 5. அதன் வர்க்கம் 25. அதை அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் 2.67. இப்படியான நாற்கட்ட அட்டவணைக்கு 5 வீத மட்டத்தில், அதாவது வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக 100இல் சுமார் 5 தடவை மட்டும் தாண்டக்கூடிய எல்லை 3.84. எட்டவில்லை. இந்த 10 வீட்டு வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றுதான் சொல்லலாம். இரண்டு ஊரும் ஒன்றே என்று எழுதிவிடக் கூடாது.

சரி, ஊருக்கு 200 வீடு பார்த்து, அதே 30 வீதமும் 20 வீதமும் வந்தால்? விடை 5.33, எல்லையைத் தாண்டிவிடும்! ஆகவே கட்டங்களில் வீதத்தை இடாதீர்கள், எண்ணிய எண்ணிக்கையை இடுங்கள். அப்புறம், எதிர்பார்த்த எண் ஏதாவதொரு கட்டத்தில் 5க்குக் கீழே போனால் இதை விட்டு, சிறிய எண்ணிக்கைகளுக்கும் பொருந்தும் பிஷரின் துல்லியச் சோதனைக்குப் போவது பாதுகாப்பு.