நீளமான ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே?

ஹட்டனில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோர் பலர் கேட்பது ஒன்றுதான்: "சேர், புள்ள ஸ்பீடா பேசணும்." வேகம் பிறகு வரட்டும். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவருக்கு விளங்காமல் போவது, நீளமான சொற்களில் அழுத்தம், அதாவது ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்வது, இடம் மாறுவதால்தான். மலையகத் தமிழ் வாடை ஆங்கிலத்தில் இருந்தால் இருக்கட்டும், அதற்குக் கூச வேண்டியதில்லை.

தமிழில் அழுத்தம் எங்கே விழுந்தாலும் சொல்லின் பொருள் மாறாது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எல்லா அசைகளையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம்.

முதலில் சொல்லை அசைகளாகப் பிரிக்க வேண்டும். எழுத்தை விட்டுவிட்டு, காதில் விழும் உயிரொலியை எண்ணுங்கள்; ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. யாப்பு படித்த சாதாரண தரப் பரீட்சை (ஓ.எல்.) மாணவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ‘கருவிளம்’ யாப்புக் கணக்கில் நிரை நிரை (கரு-விளம்), இரண்டே அசை. ஆங்கிலக் கணக்கில் நான்கு. ‘வெஜிடபிள்’ எழுத்தில் நான்கு போலத் தெரிந்தாலும் பேச்சில் மூன்றுதான்: வெஜ்-ட-பிள்.

அழுத்தத்துக்குச் சொல்லின் வாலைப் பாருங்கள். ஷன், இக், இட்டி என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு நேர் முன்னால் உள்ள அசையில் விழும். பிளான்டேஷனில் ‘டே’. இலெக்ட்ரிக்கில் ‘லெக்’, அதுவே இலெக்ட்ரிசிட்டி ஆனால் ‘ட்ரி’க்கு நகர்ந்துவிடும். கத்தோலிக், பொலிடிக்ஸ் இந்த விதிக்கு அடங்காது, இரண்டுக்கும் முதல் அசைதான். ‘மென்ட்’ பெரும்பாலும் எதையும் நகர்த்தாது: டிவெலப், டிவெலப்மென்ட் இரண்டிலும் ‘வெ’.

சூப்பரின்டென்டன்ட் என்பதில் ‘டென்’. தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் அவர் அங்கே எல்லோருக்கும் தொரை, அதனால் இந்தச் சொல் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. வேலை விண்ணப்பத்தை வாசிக்கும்போதுதான் நாக்கு சிக்குகிறது.

அழுத்தம் பெற்ற அசை நீண்டு உரக்க ஒலித்தால், மற்றவை தேய வேண்டும். நம்மவர்கள் தேய்க்கத்தான் மாட்டார்கள்! எல்ல என்ற ஊரில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கும் இளைஞர்களுக்கு நான் தரும் பயிற்சி இது: ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம். படம் எடுப்பவரைச் சொல்லும்போது ஃப-டொ-க்ர-ஃபர். ‘டொ’ எழும்பும், ‘ஃபோ’ வெறும் ‘ஃப’ ஆகிவிடும்.

சந்தேகம் வந்தால் போனில் அகராதியைத் திறங்கள். உச்சரிப்புக் குறிப்பில் மேலே நிற்கும் சின்னக் கோடு, அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் இருக்கும். பலர் அதை முந்திய அசைக்கு உரியதாக எடுத்துக்கொள்கிறார்கள். கீழே உள்ள கோடு இரண்டாம் நிலை அழுத்தம்; ஆரம்பத்தில் அதைக் கவனிக்காவிட்டாலும் பரவாயில்லை.