சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேண்டஸி: தமிழில் என்ன பெயர்?

"நல்ல சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேண்டஸி நாவல் ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று கேட்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். கடைகளிலும் பெரும்பாலும் இரண்டையும் ஒரே அலமாரியில்தான் அடுக்குகிறார்கள். இரண்டிலும் நடக்காதது நடக்கிறது, அதனால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் ஒருவருக்குப் பிடிக்கும் புத்தகத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் இந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். எனக்குப் பிடித்த சில புத்தகங்களை வைத்தே அதைச் செய்கிறேன்.

முதலில் சயின்ஸ் ஃபிக்ஷன். சயின்ஸ் என்பது அறிதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் 'அறி' என்ற வேரிலிருந்து அறிவு, அறிவியல் என்று வளர்ந்ததும் அதே வழிதான். ஃபிக்ஷன் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது 'ஃபிங்கெரே' என்ற இலத்தீன் வினை. மண்ணைப் பிசைந்து உருவம் கொடுப்பது அதன் பழைய பொருள். குயவர் செய்வதைத் தமிழில் வனைதல் என்கிறோம். அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது 'புனை'. மாலை புனைவது, ஓவியம் புனைவது, அணி புனைவது எல்லாமே கையால் அழகு சேர்த்துச் செய்யும் வேலைகள். நூலின் முன்னுரையான பாயிரத்துக்கு நன்னூல் சொல்லும் பெயர்களில் புனைந்துரையும் ஒன்று. புனைபெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. புனைசுருட்டு என்றால் பொய். ஆங்கிலச் சொல்லுக்கும் கலை, பொய் என்ற இரு நிழல்களும் உண்டு என்பதால், ஃபிக்ஷனுக்குப் புனைவு என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இரண்டையும் சேர்த்து முதலில் எழுதியவர் வில்லியம் வில்சன் என்பவர். 1851இல் வெளிவந்த ஒரு சிறு நூலில் அவர் இந்தச் சேர்க்கையைப் பயன்படுத்தினார். அப்போது யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஜூல் வெர்னின் நாவல்கள் 'அசாதாரணப் பயணங்கள்' என்ற வரிசையில் வந்தன. ஹெச். ஜி. வெல்ஸின் கதைகளை 'சயின்டிஃபிக் ரொமான்ஸ்' என்றார்கள். பெயர் நிலைத்தது ஒரு பத்திரிகை ஆசிரியரால். லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கினார். அவர் முதலில் உருவாக்கிய சொல் 'சயின்டிஃபிக்ஷன்'. நாக்கில் சரியாக உட்காராத சொல் அது. 1929இல் அந்த இதழ் கைவிட்டுப் போன பிறகு அவர் தொடங்கிய புதிய இதழில்தான் 'சயின்ஸ் ஃபிக்ஷன்' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. இந்த வகை எழுத்துக்கு 1953 முதல் தரப்படும் ஹூகோ விருது அவர் பெயரால் வந்ததே.

பெயர் வருவதற்கு முன்பே சரக்கு இருந்தது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இல் வந்துவிட்டது. நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் முதலில் அச்சானது சென்னையில், 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். அந்தக் கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க, பெண்கள் ஆள்கிறார்கள். பெண்கள் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் காற்று மண்டலத்திலிருந்து பலூன் வழியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், அதே வெப்பத்தை எதிரிப் படை மீது பாய்ச்சி விரட்டுகிறார்கள். சில பக்கங்களே கொண்ட கதை, ஓர் உட்காரலில் படித்துவிடலாம். இந்த வகைக்குப் புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மற்ற மொழிகள் என்ன செய்தன? வங்காளிகள் 'கல்பவிஞ்ஞான்' என்றார்கள். கற்பனையை முன்னால் வைத்து விஞ்ஞானத்தைப் பின்னால் வைத்த அழகான சேர்க்கை. ரஷ்யர்கள் 'நௌச்னயா ஃபன்தாஸ்திகா', அதாவது அறிவியல் சார்ந்த ஃபன்தாஸ்திகா, என்று வைத்தார்கள். அவர்களுக்கு ஃபன்தாஸ்திகா என்பது பெரிய குடை, அறிவியல் அதில் ஒரு கிளை.

தமிழில் பத்திரிகைகள் நெடுங்காலம் 'விஞ்ஞானக் கதை' என்று போட்டன. மூத்த வாசகர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு 'அறிவியல் கதை' வந்தது. இதில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அறிவியல் கதைதான். புனைவு என்ற சொல் உள்ளே இல்லாவிட்டால் குழப்பம் வருகிறது. அதனால் வகையைக் குறிக்க 'அறிவியல் புனைவு', தனிப்பட்ட கதையைக் குறிக்க 'அறிவியல் புனைகதை' என்று வைத்துக்கொள்வது நல்லது. 'அறிபுனை' என்ற சுருக்கமும் சிலரிடம் புழங்குகிறது. தலைப்புக்கும் அட்டைக்கும் அது கச்சிதமாக இருக்கிறது. ஆனால் முதல் முறை கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படுகிறது.

சரி, அறிவியல் என்ற முன்னொட்டு எப்போது நியாயம் ஆகிறது? இதற்கு இரண்டு பொறிகளை அருகருகே வைத்துப் பார்க்க ஆசை. ஒன்று வெல்ஸ் 1895இல் எழுதிய 'தி டைம் மெஷின்' நாவலில் வரும் கால எந்திரம். அதன் சில பாகங்கள் நிக்கல், சில தந்தம், சில படிகக் கல்லை அராவிச் செய்தவை. ஒரு நெம்புகோலை அழுத்தினால் எதிர்காலத்துக்குப் போகும், இன்னொன்றை அழுத்தினால் திரும்பும். மற்றொன்று திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறி. 'பல்கிழியும் பயினும் துகில் நூலொடு நல்லரக்கும் மெழுகும்' என்று பட்டியல் தருகிறார் புலவர். துணித்துண்டுகள், பசை, நூல், அரக்கு, மெழுகு. இவற்றைக் கொண்டு ஏழு நாளில் மயில் தயாராகிறது. பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைப் பிளந்து ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் கால் குவித்து நிற்கும். கருவுற்ற அரசி விசயை அரண்மனையிலிருந்து தப்பிப்பது இதில்தான். பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் அவள் மயங்க, மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. அவள் மகனும் காப்பியத் தலைவனுமான சீவகன் பிறப்பது அங்கே.

இடையில் ஆயிரம் ஆண்டு அளவுக்கு இடைவெளி இருக்க, இரண்டு எழுத்தாளர்களும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். பொருள்களின் பெயரைச் சொல்லி, இயக்கும் முறையைச் சொல்லி, நம்ப வைக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஆனாலும் சிந்தாமணியை அறிவியல் புனைவு என்று சொல்ல மாட்டேன். அந்த மயில் ஒருவரைக் காப்பாற்றிவிட்டுக் கதையை விட்டுப் போய்விடுகிறது. இன்னொரு மயில் செய்தால் போர் எப்படி மாறும், வணிகம் எப்படி மாறும் என்று காப்பியம் கேட்கவில்லை, அதன் அக்கறை வேறு. வெல்ஸோ எந்திரத்தில் ஏற்றி நம்மை எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் கொண்டுபோய், உழைப்பவர்களும் அனுபவிப்பவர்களும் இரண்டு உயிரினங்களாகவே பிரிந்துபோன உலகைக் காட்டுகிறார். ஒரு புது அறிவு அல்லது கருவி வந்த பிறகு மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வி இருந்தால் அது அறிவியல் புனைவு. புறநானூற்று 27ஆம் பாட்டின் 'வலவன் ஏவா வான ஊர்தி'யை (ஓட்டுபவர் செலுத்தாமலே செல்லும் வான ஊர்தி) ஆளில்லா விமானத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது புகழோடு மறைந்தவர்கள் விசும்பில் அடையும் பேறு. அருமையான கற்பனை. அதை அறிவியலாக்கினால் பாட்டுக்குத்தான் நட்டம்.

அப்புறம் ஃபேண்டஸி. இதன் மூலம் கிரேக்கத்து 'ஃபந்தாசியா', கண்முன் தோன்றச் செய்தல் என்று பொருள். இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: உருவெளிப்பாடு. மனம் முழுதும் நிறைந்த ஒருவரின் உருவம் வெளியில் எதிரே நிற்பதாகத் தெரிவது. கம்பராமாயண ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை சொன்னதைக் கேட்ட இராவணனுக்குச் சீதையின் உருவம் எதிரில் தெரிகிறது. நீ சொன்னவள் இவள்தானா என்று தங்கையை அழைத்துக் கேட்கிறான். அவளுக்கோ அதே இடத்தில் இராமன் தெரிகிறான். ஒரே வெளியில் இரண்டு ஆசைகள் இரண்டு உருவங்களாக நிற்கும் அந்தக் காட்சி, ஃபந்தாசியா என்ற சொல்லுக்கு நான் கண்ட மிகச் சிறந்த விளக்கம்.

இன்று ஃபேண்டஸிக்கு மிகைபுனைவு, மிகுபுனைவு, மாயப்புனைவு, கனவுருப்புனைவு என்று பல பெயர்கள் உலவுகின்றன. மிகை என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். மிகைபடக் கூறலை நன்னூல் குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறது. அளவுக்கு மீறிச் சொல்வதுதான் ஃபேண்டஸி என்ற எண்ணத்தை அது விதைத்துவிடும். மாயப்புனைவு எளிமையானது, ஆனால் மந்திரவாதி இல்லாத ஃபேண்டஸியும் உண்டு. கனவுருப்புனைவு என்பதில் கனவும் இருக்கிறது, உருவும் இருக்கிறது. கிரேக்க மூலத்துக்கும் நம் உருவெளிப்பாட்டுக்கும் அதுவே பக்கத்தில் வருகிறது. கொஞ்சம் நீளம்தான். என்றாலும் என் தேர்வு அதுவே.

கனவுருப்புனைவில் எதுவும் நடக்கலாம் என்பது தவறான எண்ணம். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' படித்தால் இது புரியும். தீவுகளால் ஆன உலகம். கெட் என்ற ஆடு மேய்க்கும் சிறுவன் மந்திரம் கற்கிறான். ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவருக்கே அதன் மேல் அதிகாரம் உண்டு. அதனால் மனிதர்கள் தம் உண்மைப் பெயரை நெருங்கியவர்களுக்கு மட்டுமே சொல்கிறார்கள். மந்திரத்துக்கு விலையும் உண்டு: இங்கே மழையை வரவழைத்தால் வேறொரு தீவில் வறட்சி வரலாம். இந்தச் சட்டங்கள் எப்படி வந்தன என்று நாவல் விளக்குவதில்லை, விளக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஓர் இடத்திலும் அவற்றை மீறுவதில்லை. அறிவியல் புனைவு 'எப்படி' என்பதற்குப் பதில் வைத்திருக்கும். கனவுருப்புனைவு அந்தப் பதிலைக் கேட்காமல், வைத்த விதியைக் காக்கும்.

அதே லெ குவின் அடுத்த ஆண்டே 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' எழுதினார். பனி உறைந்த கெத்தென் கோளில் மக்களுக்கு நிலையான ஆண், பெண் பால் கிடையாது. மாதத்தில் சில நாள்களில் மட்டும் யாரும் எப்பாலாகவும் ஆகலாம். அப்படிப்பட்ட சமூகத்தில் அரசியல், நட்பு, துரோகம் எல்லாம் எப்படி இருக்கும் என்று ஒரு மானிடவியலாளரின் கவனத்தோடு எழுதியிருக்கிறார். பனிப்பாளத்தின் மேல் இருவர் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போகும் பகுதி நான் படித்த நாவல் பகுதிகளிலேயே மிகச் சிறந்தவற்றில் ஒன்று. இரண்டு வகைகளும் எங்கே பிரிகின்றன என்று தெரிய வேண்டுமா? ஒரே கை எழுதிய இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் போதும்.

எல்லைக்கோட்டில் நிற்கும் நூல்களும் உண்டு. ஆர்கடி, போரிஸ் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்களின் 1972ஆம் ஆண்டு ரஷ்ய நாவல், ஆங்கிலத்தில் 'ரோட்சைட் பிக்னிக்'. வேற்றுலகத்தார் வந்து போன இடங்களில் விளங்காத பொருள்கள் கிடக்கின்றன, உயிரைப் பணயம் வைத்து அவற்றைத் திருடி விற்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது கடைசிவரை தெரியாது. ரஷ்யர்களின் பெரிய குடை இங்கே கைகொடுக்கிறது. அப்படியொரு பொதுப்பெயர் ஆங்கிலத்தில் 'ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்ஷன்'. 1947இல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் அறிவியல் புனைவை மட்டும் மனத்தில் வைத்து அதைப் பரப்பினார், பிறகு அது விரிந்து இரண்டையும் அணைத்துக்கொண்டது. தமிழில் 'ஊகப்புனைவு' என்கிறார்கள். ஊகம் என்பதில் தர்க்கத்தின் வாடை கூடுதலாக இருப்பதால் கனவுருப்புனைவை அதற்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் எங்கே தொடங்குவது? அறிவியல் புனைவுக்கு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிள்ளை பெறவும் அரசு அனுமதி வேண்டிய எதிர்கால இந்தியா, ஜீவா என்ற சர்வாதிகாரி, காணாமல் போன கணவனைத் தேடும் நிலா, புத்தகம் படிக்கும் எந்திர நாய் ஜீனோ. நிலா, சிபி, ரவி என்று பெயர்களெல்லாம் இரண்டெழுத்தாகச் சுருங்கியிருப்பதைக் கவனியுங்கள். ஆட்சி எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வை முதல் நூல் முடித்தபின் எடுங்கள். சித்த மருத்துவம் போன்ற நம் மரபு அறிவை அடித்தளமாக வைத்தும் இந்த வகையை எழுத முடியும் என்பதற்கு ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு இருக்கிறது, அதில் 'ஐந்தாவது மருந்து' கதையை முதலில் படியுங்கள். கனவுருப்புனைவுக்கு 1997இல் வந்த அவருடைய 'விஷ்ணுபுரம்'. பெரிய நூல், முதல் பகுதியில் கோயில் நகரத்தின் தெருக்களும் கோபுரங்களும் மனத்தில் பதியும்வரை பொறுமை வேண்டும். அவசரமாகப் படிப்பவர்கள் எர்த்சீயை முடித்துவிட்டு இதற்கு வரலாம்.